நெறியாளரின் வினை

ஒருவர் ஏவுகிறார், இன்னொருவர் செய்கிறார், மூன்றாமவர் துன்பப்படுகிறார். அந்தத் துன்பம் யார் கணக்கில் சேரும் என்பது இந்தியச் சமயங்கள் மிக நீண்ட காலமாக விவாதித்து வந்த கேள்வி. பல்கலைக்கழகத்துக்குள் வரும்போது அது இன்னும் சிக்கலாகிறது. அங்கே ஏவுகிறவர் ஆய்வு நெறியாளர். செய்கிறவர் பட்டம் பெற வந்த மாணவர். துன்பப்படுகிறவரோ அந்த வளாகத்தில் கால் வைத்தே இராதவராக இருக்கலாம். ஏவியவர் பிற்காலத்தில் சிகிச்சை மையத்தின் இயக்குநராகவும், துறையின் முதன்மை ஆய்விதழுக்கு ஆசிரியராகவும், நாடு முழுவதற்குமான தொழில்முறைச் சங்கத்தின் தலைவராகவும் உயர்ந்துவிட்டால், அவர் செய்த தவறோடு, அதைப் பற்றிப் பேசாமல் இருந்த ஆண்டுகளும் அவர் வினையாகுமா? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பேச்சுக் கோளாறுகளுக்கான துறை வளர்ந்த வரலாறு இந்தக் கேள்வியைத் தப்ப முடியாதபடி நம் முன் வைக்கிறது. ஆகும் என்பதே என் விடை. செய்த தவறைவிட அந்தப் பேசாமைக்கே எடை கூடுதல் என்றும் கருதுகிறேன். பதவி உயர உயர அந்த எடையும் ஏறுகிறது.

அயோவா சிட்டி என்ற சிறு நகரத்தை இத்துறையின் பிறப்பிடங்களில் ஒன்று என்று சொல்லலாம். அங்கே பட்டமேற்படிப்புப் புலத்துக்கு நெடுங்காலம் தலைவராக இருந்த உளவியலாளர் கார்ல் சீஷோர், பேச்சுக் குறைபாடுகளை உளவியலும் மருத்துவமும் கைகோத்து ஆராய வேண்டும் என்று விரும்பி, லீ எட்வர்ட் டிராவிஸ் என்ற இளைஞரை அதற்கென்றே பயிற்றுவித்தார். 1924-இல் முனைவர் பட்டம் பெற்ற டிராவிஸ் அங்கே சிகிச்சை மையத்தை நடத்தினார். 1925-இல் அமெரிக்காவில் இத்தொழிலுக்கென்று ஒரு சங்கம் உருவானபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அதுவரை திக்கிப் பேசுகிறவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு குணமாக்குவதாக விளம்பரம் செய்த தனியார் பள்ளிகளையே நம்பியிருந்தார்கள். அந்த நிலையில் பல்கலைக்கழகம் இதைத் தன் பொறுப்பாக ஏற்றது ஓர் அறச்செயல். அதை மறந்துவிட்டு இக்கதையைப் படிக்கக் கூடாது. மூளையின் இரு பாதிகளும் பேச்சுறுப்புகளை ஆளப் போட்டியிடுவதால்தான் நாக்கு தடுமாறுகிறது என்பது டிராவிஸின் கோட்பாடு. இடக்கைப் பழக்கத்தை வலக்கைக்கு மாற்றியதில் கோளாறு தொடங்கியது என்று நம்பி, திக்குகிறவர்களின் வலக்கையை மாவுக்கட்டுக்குள் வைத்து இடக்கையைப் பழக்கினார்கள். அப்படிப் பழகியவர்களில் ஒருவர் வெண்டல் ஜான்சன். 1906-இல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்து, சிறு வயதிலேயே திக்கத் தொடங்கி, இந்த மையத்தை நம்பி அயோவாவுக்கு வந்தவர். திக்குவாயோடு வாழ்வது என்ன என்பதைப் பற்றி 1930-இலேயே நூல் வெளியிட்டார். தன் உடலையே சோதனைக்குக் கொடுத்த பின்னும் திக்கல் போகவில்லை. அங்கேயே முனைவர் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியரும் ஆனார்.

கட்டுப்போட்ட கையால் பயன் கிடைக்காத அந்த மனிதருக்கு வேறொரு கருத்து தோன்றியது. எல்லாக் குழந்தைகளும் பேசப் பழகும்போது தடுமாறுகின்றன. சொல்லைத் திரும்பச் சொல்கின்றன, நடுவில் நிற்கின்றன. பெற்றோரோ ஆசிரியரோ அதைக் குறையென்று அடையாளப்படுத்தி, குழந்தைக்கு அதை உணர்த்தும்போது, குழந்தை தன் பேச்சைக் கண்டு அஞ்சத் தொடங்குகிறது. அந்த அச்சமே திக்கலாக முற்றுகிறது. நோயைக் கண்டுபிடிப்பதாக எண்ணிக்கொண்டு பெரியவர்களே நோயை உண்டாக்குகிறார்கள் என்பது இதன் சாரம். இதை நிறுவ அவர் வகுத்த வழிதான் 1939-இன் சோதனை. மேரி டியூடர் என்ற முதுகலை மாணவி அவர் நெறியாள்கையில் அதைச் செய்தார். இடம், டேவன்போர்ட் நகரில் இருந்த அயோவா போர்வீரர் அநாதை இல்லம். 22 குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் 10 பேர் திக்குகிறவர்கள் என்று கருதப்பட்டவர்கள், 12 பேர் இயல்பாகப் பேசுகிறவர்கள். இயல்பாகப் பேசிய 12 பேரில் ஆறு பேரிடம், உன் பேச்சில் திக்கலின் அறிகுறிகள் தெரிகின்றன, சரியாகச் சொல்ல முடியாவிட்டால் பேசவே பேசாதே என்ற பொருளில் மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. இல்லத்துப் பணியாளர்களிடமும் இக்குழந்தைகள் திக்குகிறவர்கள் என்றே சொல்லிவைத்தார்கள். ஜனவரி முதல் மே வரை இது நடந்தது. இல்லத்தில் யாருக்கும் உண்மையான நோக்கம் தெரியாது. குழந்தைகளுக்காகக் கேள்வி கேட்கத் தாய் தகப்பனும் இல்லை.

இங்கே முதலில் எழும் எதிர்வாதம், ஜான்சனின் உள்ளம் நல்லது என்பது. திக்கலின் கொடுமையை உடலால் அறிந்தவர். கோடிக்கணக்கான குழந்தைகளை அதிலிருந்து காக்கவே இதைச் செய்தார். நோக்கம் தூய்மையாக இருந்தால் வினையும் ஒட்டாது என்பார்கள். எண்ணமே வினை என்ற பௌத்தக் கொள்கை இதற்குத் துணை நிற்பதுபோல் தோன்றும். பாலி நூல்களில் உபாலி என்ற சமண இல்லறத்தாருக்கும் புத்தருக்கும் நடந்த ஒரு விவாதம் இதைப் பற்றியதுதான். உடலால் செய்வதே கனமான வினை என்று சமணர் தரப்பு சொல்ல, மனத்தின் செயலே கனமானது என்று புத்தர் மறுக்கிறார். தமிழில் நீலகேசி இதே வழக்கைச் சமணர் பக்கமிருந்து நடத்துகிறது. தன் கையால் கொல்லவில்லை, கொல்லச் சொல்லவும் இல்லை, விற்றதை வாங்கி உண்டேன் என்பவருக்கும் கொலையில் பங்கு உண்டு என்பது அதன் நிலைப்பாடு. தின்பதற்கு வாங்குகிறவர்கள் இல்லையென்றால் விற்கிறவர்களும் இருக்க மாட்டார்கள் என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் காட்டும் காரணமும் இந்தப் பக்கமே சாய்கிறது. விளைவை வேண்டி நிற்கிறவர், செய்கிறவருக்குப் பின்னால் மறைந்துகொள்ள முடியாது. இந்த அளவுகோலில் ஜான்சனின் பங்கு ஐயத்துக்கு இடமில்லாதது. ஆய்வேட்டை வேண்டியவர் அவர். மாணவியின் கைகளால் அது கிடைத்தது.

ஆனால் கடுமையான சமண அளவுகோலை விட்டுவிட்டு, மென்மையானதாகத் தோன்றும் பௌத்த அளவுகோலையே எடுத்துக்கொண்டாலும் ஜான்சன் தப்பவில்லை. எண்ணம் என்பது தொலைவில் இருக்கும் இலக்கு மட்டும் அல்ல; அடுத்த கணம் எதை விளைவிக்கக் கருதுகிறோம் என்பதும் எண்ணம்தான். ஜான்சன் தன் கருதுகோளை நம்பினாரா, இல்லையா? நம்பவில்லை என்றால் அநாதைகளைத் தேடிப்போக வேண்டியதில்லை. நம்பினார் என்றால், நன்றாகப் பேசுகிற குழந்தையிடம் நீ திக்குகிறாய் என்று சொன்னால் அது திக்கத் தொடங்கும் என்று நம்பிக்கொண்டே அதைச் சொல்லச் செய்தார் என்றாகிறது. சோதனையின் வெற்றி என்பதே ஆறு குழந்தைகள் திக்குவாயர்களாவதுதான். தன் வாழ்வின் பெருந்துன்பம் என்று எதை எழுதினாரோ, அதையே ஆறு குழந்தைகளுக்கு உண்டாக்கிப் பார்க்க விரும்பினார். இலக்கு எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும், இந்த இடையெண்ணத்தை அது கழுவாது. துன்பத்தை அனுபவித்தவருக்குப் பிறர் துன்பம் புரியும் என்று பொதுவாக நம்புகிறோம். இங்கே அந்த அனுபவம், எதைச் செய்கிறோம் என்பதைப் பிறரைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார் என்பதற்குச் சான்றாகி, பொறுப்பைக் கூட்டுகிறது.

இரண்டாவது எதிர்வாதம் காலத்தைப் பற்றியது. 1939-இல் மனிதர் மேலான சோதனைகளுக்கு நியூரம்பர்க் விதிகள் இல்லை, அவை 1947-இல்தான் வந்தன. ஆய்வறக் குழுக்கள் என்ற ஏற்பாடே கிடையாது. இன்றைய அளவுகோலை அன்றைய மனிதர் மேல் வைப்பது நியாயமா? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அந்த அநாதை இல்லத்தில் அயோவா பல்கலைக்கழகத்தார் வேறு ஆராய்ச்சிகளும் செய்துவந்தார்கள். அது யாருக்கும் உறுத்தவில்லை. இருந்தாலும், மனிதர் மேல் தீங்கு தரும் சோதனையை, அறிவியலுக்கு எத்தனை பயன் தருவதாயினும், செய்யக் கூடாது என்று கிளாட் பெர்னார்ட் 1865-லேயே எழுதிவிட்டார். சிகிச்சை நோக்கமில்லாத மருத்துவச் சோதனைகளைச் சிறார்கள் மேல் நடத்தலாகாது என்று பிரஷ்ய அரசு 1900-இல் ஆணை இட்டது. தொலைதூரத்துச் சான்றுகளைக்கூட விடுவோம். இந்தச் சோதனைக்கு 'மான்ஸ்டர் ஸ்டடி' என்ற பெயரை இட்டவர்கள் பிற்காலத்து நீதிமான்கள் அல்லர். அயோவாவில் ஜான்சனைச் சுற்றியிருந்தவர்களே. அரக்கத்தனம் என்று பெயரிடும் அளவுக்கு அன்றைய மனம் அதைக் கண்டு கூசியிருக்கிறது. சோதனையைச் செய்த மாணவியின் மனமும் கூசியது. ஆய்வு முடிந்த பிறகு மேரி டியூடர் தானாகவே மூன்று முறை அந்த இல்லத்துக்குத் திரும்பிப் போய், குழந்தைகளுக்கு ஏற்பட்டதைச் சரிசெய்ய முயன்றார். காலத்தின் அறியாமை என்று சொல்வதற்கு, அந்தக் காலத்தில் ஒருவருக்கும் அது தவறென்று தோன்றாதிருந்திருக்க வேண்டும். இங்கே தோன்றியிருக்கிறது; அதிகாரத்தில் மிகக் குறைந்தவருக்கே முதலில் தோன்றியிருக்கிறது.

மனிதர்களைச் சோதனைக்கு உட்படுத்துவதன் அறத்தைப் பற்றி ஹான்ஸ் ஜோனாஸ் என்ற மெய்யியலாளர் 1969-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த வழக்குக்கு மிக நெருக்கமானது. ஒரு சோதனையின் நோக்கத்தை முழுமையாக உணர்ந்து, அதைத் தன் நோக்கமாகவே ஏற்றுக்கொள்ளக் கூடியவர்தான் சோதனைக்கு முதலில் அழைக்கப்பட வேண்டும் என்கிறார். அதன்படி முதல் வரிசையில் ஆராய்ச்சியாளர்களே நிற்கிறார்கள். அறிவும் விருப்பமும் சுதந்திரமும் குறையக் குறைய, அந்த ஆள் பட்டியலில் பின்னால் போகிறார். மறுக்க இயலாதவர், யாருமில்லாதவர், பிறர் பிடியில் இருப்பவர் கடைசி. அயோவாவின் தொடக்க நாட்களில் இந்த வரிசை பெருமளவு காக்கப்பட்டது என்பதே வியப்பு. திக்குகிற மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் கைகளையும் நாக்கையும் தாங்களே சோதனைக்குக் கொடுத்தார்கள். ஜான்சன் அவர்களில் ஒருவர். 1939-இல் வரிசை தலைகீழானது. திக்காத ஒருவரைத் திக்க வைக்க முடியுமா என்று பார்க்க வளாகத்தில் ஆளா இல்லை? ஆனால் அதற்குக் குழந்தை வேண்டும், பெற்றோர் எவரும் தன் குழந்தையைத் தரமாட்டார். பெற்றோர் தரமாட்டார் என்று தெரிந்ததனால்தான் பெற்றோர் இல்லாத இடத்துக்குப் போகும் வழி தேடப்பட்டது. அந்தத் தெரிவுக்குள்ளேயே குற்ற உணர்வு இருந்தது என்று நான் படிக்கிறேன்.

மூன்றாவது எதிர்வாதம் எல்லாவற்றையும்விட வலுவானது; எனக்கு அது இந்தக் கட்டுரையின் நடு நரம்பும்கூட. சோதனை தோற்றுவிட்டது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நிக்கோலின் ஆம்ப்ரோஸும் எஹூத் யாயிரியும் டியூடரின் ஆய்வேட்டில் உள்ள தரவுகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள். அந்தத் தரவுகளின்படி, திக்குகிறாய் என்று சொல்லப்பட்டதால் எந்தக் குழந்தையும் திக்குவாயாக மாறியதற்குச் சான்று இல்லை. அப்படியென்றால் தீங்கு எங்கே என்று கேட்பார்கள். முதல் விடை எளிது. திக்கல் மட்டுமே தீங்கு அல்ல. அந்த ஆறு குழந்தைகள் பேசத் தயங்கினார்கள், சுருங்கப் பேசினார்கள், வெட்கப்பட்டார்கள் என்று டியூடரே பதிவு செய்திருக்கிறார். தாங்கள் குழந்தைகள் மனத்தில் தடம் பதித்துவிட்டதாக 1940-இல் ஜான்சனுக்குக் கடிதமும் எழுதினார். ஆகவே ஜான்சனுக்குத் தெரியும். திக்காத நாக்கு பேச அஞ்சி அடங்கிப்போவது, திக்கிக்கொண்டாவது பேசுவதைவிட மேலான நிலையா? ஆனால் இரண்டாவது விடையே முக்கியம். கோட்பாடு தோற்றது என்பது அந்தச் சோதனையிலிருந்து கிடைத்த ஒரே அறிவு. தீய வழியில் வந்தாலும் அறிவு அறிவுதான். அந்த அறிவுக்கு என்ன நேர்ந்தது?

ஜான்சன் அதை எந்த ஆய்விதழிலும் வெளியிட முன்வரவில்லை. ஆய்வேடு அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் அடுக்கில் இருந்தது. அவரோ வளர்ந்தார். 1943-இல் சிகிச்சை மையத்தின் இயக்குநரானார்; அதே காலத்தில் பேச்சுக் கோளாறுகளுக்கான அமெரிக்க ஆய்விதழின் ஆசிரியரானார்; 1950-இல் தேசியச் சங்கத்தின் தலைவரானார். 1946-இல் வந்த அவருடைய நூல் பொதுவாசகர்களிடமும் பரவியது. பெரியவர்கள் சூட்டும் பெயரே திக்கலை உண்டாக்குகிறது என்ற கோட்பாடு அவர் பதவியின் வலிமையோடு உலகெங்கும் போனது. அமெரிக்கத் தொல்குடிகளான பானக், ஷோஷோன் மக்களிடையே திக்கலே இல்லை என்று 1944-இல் அவர் எழுதியது அதற்குத் துணைச் சான்றானது. அதுவும் பின்னால் தவறென்று தெரியவந்தது. இதன் விலையைக் கொடுத்தவர்கள் பெற்றோர்கள். உங்கள் கண்டிப்புதான், உங்கள் கவலைதான் குழந்தையைத் திக்க வைத்தது என்று தலைமுறைகளாகத் தாய்மார்களிடம் சொல்லப்பட்டது. குழந்தையின் திக்கலைக் கண்டும் காணாததுபோல் இருங்கள் என்ற அறிவுரையால், சிகிச்சை பலன் தரக்கூடிய இளம் வயது வீணாகக் கழிந்தது. இன்று நாம் அறிவது வேறு. திக்கலில் மரபணுக்களுக்குப் பங்கு இருக்கிறது; பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி 2010-இல் சில மரபணு மாற்றங்களை அடையாளம் காட்டியது. சிட்னியில் உருவான லிட்கோம் முறையில், பள்ளி வயதை எட்டாத குழந்தையின் பேச்சைப் பற்றிப் பெற்றோரே மென்மையாக, வெளிப்படையாகக் கருத்துச் சொல்கிறார்கள். சீரான பேச்சைப் பாராட்டுகிறார்கள், திக்கியதை அவ்வப்போது சுட்டுகிறார்கள். ஜான்சன் சொன்னதே உண்மை என்றால் இது திக்கலைப் பெருக்கியிருக்க வேண்டும், அது குறைக்கிறது.

1939-இன் முடிவு வெளியாகியிருந்தால் அந்தக் கோட்பாடு அன்றே விழுந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். 22 குழந்தைகள், சில மாதங்கள், குறைகள் நிறைந்த அளவீடு. ஒரு கோட்பாட்டை வீழ்த்த இது போதாது. ஆனால் சந்தேகத்தை விதைக்கப் போதும். ஒருவரின் கோட்பாட்டுக்கு எதிரான சான்று அவர் மேசையிலேயே இருக்கும்போது, அந்தக் கோட்பாட்டை எழுதும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு தெரிவைச் செய்கிறார். இங்கேதான் செயலுக்கும் செயலின்மைக்கும் நாம் வழக்கமாக இடும் கோடு அழிகிறது. செய்யத் தகாததைச் செய்வதோடு, செய்யத் தக்கதைச் செய்யாமல் விடுவதையும் கேட்டின் காரணமாக வள்ளுவர் ஒரே மூச்சில் வைத்தார். சாதாரண மனிதனின் மௌனத்தை மறதியென்று மன்னிக்கலாம். ஆனால் எதை வெளியிடலாம் என்று தீர்மானிக்கும் ஆய்விதழ் ஆசிரியரின் மௌனம், எந்த மாணவர் எதை ஆராயலாம் என்று கையொப்பமிடும் இயக்குநரின் மௌனம், துறையின் வாயாகவே பேசும் சங்கத் தலைவரின் மௌனம் அப்படியானதல்ல. அறிவின் வாசலில் காவல் இருக்கும் பதவி அது. வாசலை மூடி வைத்திருப்பதும் அந்தக் காவலரின் செயல்தான்.

ஆய்வேடு நூலகத்தில் கிடைத்தது, யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம், ஆகவே மறைத்தார் என்பது பொருந்தாது என்று சொல்வார்கள். எரிக்கவில்லை, பூட்டவில்லை என்பது உண்மை. அதைக் கவனத்தில் கொண்டுதான் மறைத்தார் என்று எழுதாமல், பேசவில்லை என்று எழுதுகிறேன். ஆனால் நூலக அடுக்கில் இருப்பதும் ஒரு துறையின் பொது அறிவில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை ஆய்விதழ் நடத்தியவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? பிராங்க்ளின் சில்வர்மன் என்ற ஆய்வாளர் 1988-இல் இதைப் பற்றி எழுதும்வரை துறைக்குள் அது பெரும்பாலும் வாய்மொழியாகவே உலவியது. குழந்தைகள் பெயர் வெளியாகிவிடும் என்ற அச்சத்தால் வெளியிடவில்லை என்ற சமாதானமும் நிற்காது. பெயரில்லாமல் வெளியிடுவது அன்றும் வழக்கம்தான். இதே அநாதை இல்லத்தோடு தொடர்புடைய இன்னொரு ஆராய்ச்சியை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஹெரால்ட் ஸ்கீல்ஸ் என்ற அயோவா உளவியலாளர், மனவளர்ச்சி குன்றியதாகக் கருதப்பட்ட 13 இளங்குழந்தைகள் இல்லத்திலிருந்து மாற்றப்பட்டு, அன்பும் கவனிப்பும் கிடைத்தபோது அவர்கள் அறிவுத்திறன் உயர்ந்ததை அதே 1939-இல் வெளியிட்டார். இல்லத்திலேயே தங்கிவிட்ட 12 குழந்தைகள் பின்தங்கினார்கள் என்பதையும் அவர் சொன்னார். அறிவுத்திறன் பிறவியிலேயே முடிவானது என்று நம்பிய துறை அவரைக் கடுமையாக ஏளனம் செய்தது. அவர் பல ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குழந்தைகளைத் தேடிப்போய், வளர்ந்து என்ன ஆனார்கள் என்று பார்த்து, 1966-இல் மீண்டும் எழுதினார். ஸ்கீல்ஸ் மேலும் அறக்கேள்விகள் உண்டு. ஆனால் தான் கண்டதைச் சொல்வது, கண்டவர்களிடம் திரும்பிப் போவது என்ற இரண்டு கடமைகளும் அந்தக் காலத்துக்கு, அந்த ஊருக்கு அந்நியமானவை அல்ல என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

ஜான்சன் 1965-இல் இறந்தார். வினை செய்தவரோடு போய்விடும் என்றால் கதை அங்கே முடிந்திருக்கும். 2001-இல் கலிபோர்னியாவின் ஒரு நாளிதழ் இதை உலகுக்குச் சொன்னது. முதியவர்களாகிவிட்ட அந்தக் குழந்தைகளில் சிலர், தாங்கள் சோதனைக்கு உட்படுத்தப்பட்டவர்கள் என்பதையே அப்போதுதான் அறிந்தார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. பிறகு வழக்கு வந்தது. அயோவா அரசு தனக்குள்ள சட்டப் பாதுகாப்பைக் காட்டித் தப்ப முயன்று, மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 2007-இல் ஆறு பேர் தரப்புக்கு 9,25,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. இங்கே மெய்யியலாளர் ஒருவர் நியாயமாகவே கேட்பார். 2001-இல் பதவியில் இருந்தவர்களில் ஒருவரும் 1939-இல் அங்கே இல்லை. செய்யாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? நிறுவனத்துக்கு ஆன்மா உண்டா, அதற்கு வினை உண்டா? ஊழ் என்பது தனித்தனி உயிரைப் பற்றிச் சொன்னது. அலுவலகத்தைப் பற்றிச் சொன்னதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடமை அப்படிப்பட்டதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலில் அணையாது ஒரு விளக்கெரிய 96 ஆடுகளை விட்ட செய்திகளைக் காணலாம். ஆடுகளை ஏற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவருக்குப் பின் அவர் வழிவந்தவர்கள் அளக்க வேண்டும். சாவா மூவாப் பேராடு என்று அந்த ஆடுகளுக்குப் பெயர். அளக்கும் கை மாறும். அளக்க வேண்டியது மாறாது. பதவியும் அப்படித்தான். சீஷோர் சேர்த்த நற்பெயரையும், டிராவிஸ் கட்டிய மையத்தையும், ஜான்சனின் புகழையும் வரிசையாகப் பெற்றுக்கொண்டு நாற்காலியில் அமர்கிறவர், அந்த நாற்காலியின் கடனை மட்டும் என்னுடையதல்ல என்று தள்ள முடியாது. வினை தனிமனிதருடையதாக இருக்கலாம். பொறுப்பு பதவியோடு கைமாறுகிறது.

ஜான்சனை இதனால் முழுவதும் நிராகரிக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். திக்குகிறவரை மூடர் என்று கருதிய உலகில், அவர்கள் முழு மனிதர்கள் என்று உரத்துச் சொன்னவர் அவர். அவருடைய மாணவர்கள் பலர் நல்ல சிகிச்சையாளர்களாக நாடெங்கும் போனார்கள். அயோவாவில் பேச்சு, கேட்புத் துறை இயங்கும் கட்டடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சோதனை வெளியானபோது அந்தப் பெயரை நீக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. பெயரை அழிப்பதால் மௌனம் கலையாது, இன்னொரு வகையில் தொடரும் என்பதே என் எண்ணம். அந்தப் பெயரைத் தாங்கும் வாசலுக்குள் நுழையும் ஒவ்வொரு முதலாமாண்டு மாணவருக்கும் டேவன்போர்ட்டின் கதை பாடமாகச் சொல்லப்பட வேண்டும். துறைத் தலைவரே அதைச் சொல்ல வேண்டும். வேறு யாரோ விருந்தினர் வந்து அறவியல் வகுப்பில் சொல்லிவிட்டுப் போவது போதாது. அந்த நாற்காலியில் இருக்கிறவர் வாயால் வரும்போதுதான் அது மன்னிப்பின் தொடர்ச்சியாகிறது.

கடைசியாக ஒரு தயக்கம். தலைவர் மேல் இத்தனை சுமையை ஏற்றினால் யார் அந்தப் பதவிக்கு வருவார்கள்? ஒவ்வொரு மாணவரின் ஒவ்வொரு பிழைக்கும் துறைத் தலைவரே பொறுப்பா? அல்ல. நான் கேட்பது எல்லையுள்ளது. தான் ஏவியதற்கு, தான் அறிந்ததற்கு, தன் பதவியால் மட்டுமே சொல்லவோ திருத்தவோ கூடியதாக இருந்ததற்கு அவர் பொறுப்பு. மாணவி அறிந்திருந்தார், ஆனால் துறை கேட்கும்படி சொல்லும் இடம் அவருக்கு இல்லை. நூலகர் அடுக்கில் வைத்திருந்தார், அதன் பொருள் அவருக்குத் தெரியாது. இல்லத்துப் பணியாளர்கள் குழந்தைகளோடு இருந்தார்கள், அவர்களிடம் சொன்னதே பொய். மூன்றும் ஒருங்கே கூடிய ஒருவர் ஜான்சன் மட்டுமே. 1939-க்கும் 1965-க்கும் இடையே 26 ஆண்டுகளில் அவர் செய்திருக்க வேண்டியவை இரண்டு. தான் ஆசிரியராக இருந்த இதழிலேயே, என் கோட்பாட்டைச் சோதித்தோம், எதிர்பார்த்தது நடக்கவில்லை, குழந்தைகள் காயப்பட்டார்கள் என்று எழுதுவது ஒன்று. உன் பேச்சில் ஒரு குறையும் இருந்ததில்லை என்று அந்த ஆறு பேரிடமும் ஆள் அனுப்பியாவது சொல்வது மற்றொன்று. முதலாவது அவர் புகழைச் சற்றுக் குறைத்திருக்கும். இரண்டாவதற்கு டேவன்போர்ட்வரை ஒரு பயணம் போதும். சம்பளமும் பதவியும் இல்லாத அவருடைய மாணவி மூன்று முறை போய்வந்த அதே வழிதான்.